வாத்தியார் வீட்டுப் புத்தக அலமாரி

படிப்பது, எழுதுவது, பாடம் நடத்துவது, பிள்ளை வளர்ப்பது - இந்த நான்கையும் ஒரே நாளுக்குள் அடைத்து வாழ்கிற ஆந்திர எல்லையோர ஆசிரியர்களுக்கு ஐந்தாவதாகவும் ஒரு கவலை: எந்த மொழியில்?

நாராயணவனத்தின் தலபுராணம் ஒரு தகப்பனின் கதை. ஆகாசராஜன் தன் மகள் பத்மாவதியை வேங்கடவனுக்குக் கட்டிக்கொடுத்தது இந்த ஊரில்தான் என்பது ஐதீகம். மாப்பிள்ளை குபேரனிடம் கடன் வாங்கிக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் கடனுக்கான வட்டியைப் பக்தர்கள் இன்னமும் திருமலை உண்டியலில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர் என்ன பாடுபட்டார் என்று யாரும் கேட்பதில்லை. திருப்பதியிலிருந்து சென்னை செல்லும் வழியில், புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சிறிய ஊரில் இன்று பிள்ளை பெற்றவர்களின் கவலை வேறு. பிள்ளையை எந்த மொழியில் படிக்கவைப்பது?

கவலை எல்லோருக்கும் பொது. ஆனால் அதை மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்க்க நேர்கிறவர் பள்ளி ஆசிரியர். பகலில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவர், மாலையில் தன் பிள்ளையின் நோட்டைத் திருப்பிப் பார்க்கும் சாதாரணத் தகப்பன் அல்லது தாய். அவருக்குப் படிக்கும் பழக்கமும் இருந்து, போதாக்குறைக்குக் கதையோ கட்டுரையோ எழுதும் பழக்கமும் இருந்துவிட்டால் விஷயம் இன்னும் சிக்கல். அவருடைய அலமாரியில் இருக்கும் புத்தகங்களை அவர் பிள்ளைகள் படிப்பார்களா, ஏன், படிக்க முடியுமா என்பதே கேள்வியாகிவிடுகிறது.

தெருவில் இந்தச் சிக்கல் தெரிவதில்லை. அங்கே இரண்டு மொழிகளும் சண்டையில்லாமல் புழங்குகின்றன. சித்தூர் வட்டாரத் தெலுங்கில் தமிழ்ச் சொற்கள் தாராளம். இங்குள்ள தமிழிலும் பாதி வாக்கியம் தெலுங்கில் முடியும். இந்த ஊரில் சமாதி கொண்டிருக்கும் சித்தரைத் தெலுங்கர்கள் சொரகாய சுவாமி என்கிறார்கள், தமிழர்கள் சுரைக்காய் சுவாமி என்கிறார்கள். காய் ஒன்றுதான். வாத்தியார் என்றாலும் அய்யவாரு என்றாலும் திரும்பிப் பார்ப்பது ஒரே ஆள்தான். தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தைத் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகச் சொல்கிறது. எல்லை என்பது கோடு அல்ல, ஒரு பட்டை என்பதற்கு நல்ல உதாரணம் இந்த வட்டாரம்.

கோடு பின்னால் வந்தது. இந்தப் பகுதி ஒரு காலத்தில் வட ஆற்காடு ஜில்லா. ஜில்லாவின் தலைநகரமே சித்தூர்தான். 1911ல் சித்தூர் தனி ஜில்லாவானது. 1953ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதோடு போனது. ம.பொ.சி. முதலானோர் நடத்திய வட எல்லைப் போராட்டம், பட்டாஸ்கர் தீர்ப்பு எல்லாம் முடிந்து 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது; சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குப் போனது. நாராயணவனம், புத்தூர், நகரி எல்லாம் ஆந்திராவிலேயே தங்கின. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவானபோது நாராயணவனம் மீண்டும் ஒருமுறை முகவரி மாறியது. வாசற்படியை விட்டு இறங்காமலேயே மூன்று தலைமுறை நான்கு விலாசங்களைப் பார்த்துவிட்டது. விலாசம் மாறினால் தபால்காரர் சமாளித்துக்கொள்வார். பள்ளிக்கூடத்தின் மொழி மாறினால் சமாளிக்க வேண்டியது ஆறு வயதுக் குழந்தை.

ஆசிரியர் வேலை என்றால் பாதி நாள் லீவு என்ற பேச்சு இரண்டு மாநிலங்களிலும் உண்டு. அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் நாளைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. ஆந்திராவில் 2022 ஆகஸ்டில், கைப்பேசிச் செயலியில் முகத்தைக் காட்டி வருகையைப் பதியும் முறை வந்தது. ஆசிரியர் சங்கங்கள் கொதித்தன. மதிய உணவு, கழிப்பறைச் சுத்தம் ஆகியவற்றைப் படமெடுத்து ஏற்றும் வேலையும் ஆசிரியர் தலையில்தான் விழுந்தது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு வெளி வேலைகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. வெளி வேலைக்குத்தான் தடை. பள்ளிக்கூடத்துக்குள்ளேயே முளைக்கும் குமாஸ்தா வேலைக்குச் சட்டத்தில் பெயரில்லை.

இதற்கு நடுவில் படிப்பு எங்கே? பஸ்ஸில். புத்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே ஜன்னலோரம் இடம் கிடைத்தால் ஒரு சிறுகதையை முடிக்கலாம். நின்றுகொண்டு போனால் முடியாது. எழுத்து? விடிவதற்கு முன்னால், அல்லது வீடு தூங்கிய பிறகு. நாவலாக இருந்தால் மே மாதம். கோடை விடுமுறையை நம்பி எழுதப்பட்ட நாவல்கள் இந்திய மொழிகளில் எத்தனை இருக்கும் என்று யாராவது கணக்கெடுக்கலாம். பரீட்சைப் பேப்பர் கட்டு வந்து இறங்கியதும் பாதியில் நின்றுபோனவற்றையும் சேர்த்து எண்ண வேண்டும். எழுதுகிற ஆசிரியைக்கு விடியற்காலையும் கிடையாது. அந்த நேரம் அடுப்புக்குப் போய்விடுகிறது. வாத்தியார் எழுத்தாளர்களின் பட்டியலில் ஆண்களே நிரம்பி வழிவதற்குத் திறமையைக் காரணமாகச் சொல்ல வேண்டியதில்லை. காலை ஐந்து மணிக்கு வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

நேரம் மட்டுமல்ல பிரச்சினை. ஆசிரியருக்குக் கதைப் பொருள் கையெட்டும் தூரத்தில் கிடக்கிறது: வகுப்பறை, பெற்றோர், ஊர்ச் சாதி, பாதியில் நிற்கும் பெண் பிள்ளைகள். ஆனால் எழுதப்படுகிறவர்கள் மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நிற்கக்கூடியவர்கள். நகரத்து எழுத்தாளனுக்கு இருக்கும் மறைவு சிற்றூர் ஆசிரியருக்குக் கிடையாது. இது எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2010ல் வெளிவந்த 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிராக 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் கிளர்ச்சி மூண்டது. அடுத்த மாதம் பெருமாள்முருகன் வெளியிட்ட அறிவிப்பின் சாரம், எழுத்தாளன் இறந்துவிட்டான், இனி பெ. முருகன் என்ற ஆசிரியன் மட்டுமே உயிர்வாழ்வான் என்பது. அரசுக் கல்லூரித் தமிழாசிரியரான அவர் இரண்டில் ஒன்றை விட வேண்டியிருந்தபோது விட்டது எழுத்தை. சம்பளம் அந்தப் பக்கம் இருந்தது என்று கேலி பேசியவர்கள் உண்டு. மாணவர்களும் அந்தப் பக்கம்தான் இருந்தார்கள் என்பதை அவர்கள் மறந்தார்கள். 2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் அவர் மீண்டும் எழுத வழிவிட்டுத் தீர்ப்பளித்தது. எழுத்தாளர் திரும்பி வந்தார். ஆசிரியர் போகவே இல்லை.

இந்த நான்கு வேலைகளும் ஒரு வீட்டில் ஒழுங்காகக் கூடிவந்ததற்கு உதாரணம் பழைய சித்தூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. தமிழ் வாசகர்களுக்கு அதிகம் அறிமுகமாகாத பெயர்: மதுராந்தகம் ராஜாராம். வீட்டுப் பெயரில் செங்கல்பட்டுப் பக்கத்து ஊர் இருந்தாலும் அவர் தெலுங்கு எழுத்தாளர். 1930ல் பிறந்து, மாங்காய்க்குப் பெயர் பெற்ற தாமலசெருவில் வாழ்ந்து, வாழ்நாளின் பெரும்பகுதியைக் கிராமப் பள்ளி ஆசிரியராகக் கழித்தவர். 300க்கும் மேற்பட்ட சிறுகதைகள் எழுதியிருக்கிறார். ராயலசீமை என்றாலே வெட்டும் குத்தும் கோஷ்டிச் சண்டையும் என்று சினிமா பழக்கியிருக்கும் கண்ணுக்கு அவரது உலகம் வியப்பூட்டும். வானம் பார்த்த பூமிக்காரர்கள், கடனோடும் கௌரவத்தோடும் காலம் தள்ளும் நடுத்தரக் குடும்பங்கள், வாத்தியார்கள். குரலை உயர்த்தாத கதைகள். தன் தெருவையும் தன் வகுப்பையும் பற்றி எழுதியவர், அதே தெருவில் நடந்து அதே வகுப்புக்குப் போனார். 1993ல் அவரது கதைத் தொகுதிக்கு சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. 1999ல் காலமானார்.

கதை அதோடு முடியவில்லை. மகன்கள் நரேந்திராவும் மகேந்திராவும் எழுத வந்தார்கள். நரேந்திரா திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர் ஆனார். சோறு போட்டது ஆங்கிலம், எழுதியது தெலுங்கு. ஆண்டுதோறும் வெளிவரும் நல்ல தெலுங்குக் கதைகளைத் திரட்டித் தொகுக்கும் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டார். 2022ல் 'மனோதர்மபராகம்' என்ற நாவலுக்காக அவருக்கும் சாகித்ய அகாதமி விருது வந்தது. அப்பாவுக்குப் பின் 29 ஆண்டுகள் கழித்து, அதே மொழிக்கு, அதே விருது. வாத்தியார் பிள்ளை மக்கு என்ற பழமொழியைப் பொய்யாக்கிய வீடு.

பிள்ளைகளைப் படிக்கவைப்பது எப்படி என்று பெற்றோர்களுக்குப் போதிக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். போதனையால் வாசகர் உருவானதாகத் தெரியவில்லை. படி, படி என்று சொல்லும் அப்பாவைவிட, சொல்லாமல் மூலையில் உட்கார்ந்து படிக்கும் அப்பா பிள்ளையை அதிகம் தொந்தரவு செய்கிறார். அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்ற எரிச்சலில்தான் பல பேர் முதல் புத்தகத்தைத் திறந்திருப்பார்கள். இன்றைய சிக்கல், அப்பா படிப்பதும் கைப்பேசியில்தான். அவர் பார்ப்பது நாவலா, வேறெதுவுமா என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. போனைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தை எடு என்ற உத்தரவும் போனிலிருந்து தலையைத் தூக்காமலே வருகிறது.

பிள்ளை நல்ல வாசகனாகிவிட்டால் வேறொரு ஆபத்து. அவன் அப்பாவையும் படித்துவிடுவான். இந்த வட்டாரத்தின் மிகப் பிரபலமான ஆசிரியர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1888ல் திருத்தணியில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்து, திருப்பதியிலும் வேலூரிலும் படித்தவர். அவர் பிறந்த நாளில்தான் நாடே ஆசிரியர்களுக்கு மாலை போடுகிறது. அவருடைய மகன் சர்வபள்ளி கோபால் வரலாற்றாசிரியர். 1989ல் வெளிவந்த தந்தையின் வாழ்க்கை வரலாற்றில், தத்துவ மேதையின் அறிவுச் சாதனைகளோடு அவரது தனிவாழ்க்கைக் குறைகளையும் மறைக்காமல் எழுதினார். மகன் எழுதிய புத்தகத்தில் இவ்வளவா என்று பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் ஆசிரியரான ஒரு தகப்பனுக்கு இதைவிடப் பெரிய குருதட்சணை கிடைக்குமா என்பது யோசிக்கத் தகுந்தது. ஆதாரத்தைப் பார், சலுகை காட்டாதே என்பதுதானே பாடம்?

ராஜாராமின் வீட்டிலும் ராதாகிருஷ்ணனின் வீட்டிலும் ஒரு வசதி இருந்தது. தகப்பன் எழுதிய மொழியைப் பிள்ளைகளால் படிக்க முடிந்தது. ராஜாராமுக்கு வீட்டு மொழி, தெரு மொழி, பள்ளிக்கூட மொழி, பத்திரிகை மொழி நான்கும் தெலுங்கு. ராதாகிருஷ்ணனுக்கும் கோபாலுக்கும் எழுத்து மொழி ஆங்கிலம். நாராயணவனம், புத்தூர், நகரி வட்டாரத்தில் தமிழில் படித்து, தமிழில் எழுதும் ஒருவருக்கு இது வாய்ப்பதில்லை. அவர் வீட்டுப் பிள்ளைக்கு அம்மாவிடம் சோறு கேட்கும் மொழி தமிழ்; பள்ளியில் எழுத்தாக அறிமுகமாவது தெலுங்கு; பெற்றோர் ஆசைப்பட்டுக் காசு கட்டுவது ஆங்கிலத்துக்கு. தமிழ் காதுக்குள் இருக்கிறது. கண்ணுக்கு ஏறவில்லை.

சட்டத்தில் குறையில்லை. 1956ல் சேர்க்கப்பட்ட அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் கொடுக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. அதற்கு முன்னாலேயே, 1949ல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி ஒரு கணக்கு வகுத்தார்கள்: ஒரு பள்ளியில் 40 பேரோ, ஒரு வகுப்பில் 10 பேரோ இருந்தால் அந்த மொழியில் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியர் வேண்டும். கணக்கு நியாயமானதுதான். ஆனால் அது தலையை எண்ணுகிறது. ஒன்பது பிள்ளைகள் இருக்கும் ஊரில் ஒன்பது பேரும் தமிழர்கள் இல்லை என்றாகிவிடுகிறது. பத்தாவது பிள்ளை தனியார் ஆங்கிலப் பள்ளி வேனில் ஏறிப் போய்விட்டால் மீதி ஒன்பது பேருக்கும் ஆசிரியர் போய்விடுகிறார். வேனில் ஏற்றிய தகப்பனைக் குற்றம் சொல்வது சுலபம். அவர் தன் பிள்ளையைத்தான் பார்த்தார். மற்ற ஒன்பது பேரை அவர் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

சித்தூர் வட்டாரத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. ஆசிரியர் தேர்வுக்கான டி.எஸ்.சி. அறிவிப்புகளில் தமிழ் இடங்களும் இடம்பெறுவது வழக்கம். ஆனால் ஆந்திராவில் 2018க்குப் பிறகு அடுத்த டி.எஸ்.சி. தேர்வு நடந்தது 2025ல். ஏழு ஆண்டுகள் என்பது ஆரம்பப் பள்ளியில் ஒரு முழுத் தலைமுறை. அந்த இடைவெளியில் ஓய்வுபெற்றுப் போகும் ஒரு தமிழாசிரியரின் நாற்காலி காலியாகவே இருந்தால், ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அவரைப் பார்க்காமலேயே ஏழாம் வகுப்பை முடித்திருக்கும்.

நடுவில் இன்னொரு புயலும் அடித்தது. 2019 நவம்பரில் ஆந்திர அரசு ஓர் ஆணை போட்டது. அடுத்த கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை ஆங்கிலமே பயிற்றுமொழி. தெலுங்கோ உருதுவோ கட்டாயப் பாடம். தெலுங்கு எழுத்தாளர்கள் பலர் எதிர்த்தார்கள். உங்கள் பிள்ளைகள் எந்த மீடியத்தில் படித்தார்கள் என்று அரசுத் தரப்பு திருப்பிக் கேட்டது. பதில் சொல்லக் கஷ்டமான கேள்விதான். 2020 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. அரசு பெற்றோர்களிடம் விருப்பம் கேட்டது. மிகப் பெரும்பாலோர் ஆங்கிலத்தையே கேட்டதாக அறிவித்தது. கோடிக்கணக்கானோர் பேசும் தெலுங்கின் கதியே இதுவென்றால் அதன் ஓரத்தில் ஒண்டியிருக்கும் தமிழைப் பற்றி யார் பேசுவது? ஆணையின் கட்டாயப் பாட வரியில் தமிழ் என்ற சொல்லே இல்லை.

அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. அரசுப் பள்ளி ஆசிரியர்களின் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போவது ஆந்திராவுக்கு மட்டுமான விஷயம் அல்ல. 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர்நீதிமன்றம், உத்தரப் பிரதேச அரசு ஊழியர்கள் தங்கள் பிள்ளைகளை அரசு ஆரம்பப் பள்ளிகளிலேயே படிக்கவைக்க வேண்டும் என்று ஒரு தீர்ப்பு சொன்னது. நாடெங்கும் கைதட்டினார்கள். நடைமுறைக்கு வரவில்லை. ஆசிரியருக்குள் இருக்கும் பெற்றோர், பெற்றோருக்குள் இருக்கும் ஆசிரியரை எப்போதும் ஜெயித்துவிடுகிறார். தாய்மொழிக் கல்வியைப் பற்றி நல்ல கட்டுரை எழுதிய கையே, மகளின் ஆங்கிலப் பள்ளி விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போடுகிறது. இதைப் பாசாங்கு என்று தள்ளிவிடலாம். தன் நம்பிக்கைக்கு விலையாகப் பிள்ளையின் எதிர்காலத்தைக் கொடுக்கத் தயங்குவது என்றும் பார்க்கலாம். இரண்டும் கலந்துதான் இருக்கும்.

அரசாங்கத்துக்காகக் காத்திராமல் வீட்டிலேயே செய்யக்கூடியது உண்டு. தமிழ் எழுத்துகளை ஒரு கோடை விடுமுறையில் கற்றுக்கொடுத்துவிடலாம். தெலுங்கு தெரிந்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்து இன்னும் சுலபம். தெலுங்கில் க வரிசைக்கு நான்கு எழுத்து, தமிழில் ஒன்று. கஷ்டம் எழுத்தில் இல்லை. எழுத்து வந்த பிறகு ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்க அதற்குப் பிடித்த மாதிரியான தமிழ்ப் புத்தகம் அந்த ஊரில் எங்கே கிடைக்கும் என்பதில் இருக்கிறது. மண்டல நூலகத்தில் தெலுங்குப் புத்தகம் இருக்கும். தமிழுக்குத் திருத்தணிக்கோ சென்னைக்கோ போக வேண்டும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய்ப் பை நிறைய வாங்கிவரும் ஆசிரியர்கள் பெரும்பாலும் தங்களுக்கு வாங்குகிறார்கள். பிள்ளைகளுக்கு வாங்கிய இரண்டு புத்தகங்கள் ஒரு வாரத்தில் தீர்ந்துபோகும். பிறகு அடுத்த ஜனவரி.

தாராவியிலும் தில்லி கரோல்பாக்கிலும் பெங்களூர் அல்சூரிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. தில்லியில் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. அப்படி ஓர் ஏற்பாடு இல்லாத நகரங்களே அதிகம். ஆனால் அங்கே இருப்பவர்கள் பிழைக்கப் போன இடம் அது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். நாராயணவனத்துத் தமிழர்கள் எங்கும் போகவில்லை.

பேச்சு மட்டும் பிடிவாதமாக நிற்கிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை இரவில் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறது. சாப்பிட்டாயிற்று, நாளைக்குப் பரீட்சை, அப்பா இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாரா என்று எல்லாம் தமிழ்தான். எழுத்து மட்டும் சில நாள் தெலுங்கு, பல நாள் ஆங்கிலம். நீளமாகச் சொல்ல வேண்டியிருந்தால் குரலைப் பதிந்து அனுப்பிவிடுகிறது. அப்பா கடைசியாக வெளியிட்ட கதையையும் போனிலுள்ள வாசிப்புக் குரலைப் போட்டுக் கேட்டுக்கொள்ள முடிகிறது. நிறுத்தற்குறி வருமிடத்தில் அந்தக் குரல் சரியாக நிற்கிறது. சிரிக்க வேண்டிய இடம் வரும்போது மட்டும் அதற்குத் தெரிவதில்லை.